சூலக்குறியும் வளையக்குறியும்

எனக்கு எண்பத்தொரு வயசு. அஞ்சு பெத்தன், ஆறு வளர்த்தன். ஆறாவது என்ரை தங்கச்சி விட்டிட்டுப் போன பிள்ளை. அவனும் என்னைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறவன். ஆறு பேரையும் ஒருத்தற்றை கையையும் எதிர்பாராமல் ஆளாக்கி விட்டனான். படிப்பு எனக்கு மூண்டாம் வகுப்பு, அதுவும் முழு வருசம் இல்லை. எண்டாலும் இந்தக் கொப்பியிலை கிடக்கிற எழுத்து முழுக்க என்ரை கைதான். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் போகுது. போகட்டும். எனக்கு எங்கை போக அவசரம்.

வியாழக்கிழமையிலை இஞ்சை லண்டன் மண்டபத்திலை என்னோடை கூடுற வயசுபோன உங்களுக்குத்தான் எழுதுறன். சின்ன வயசிலை நடந்த ஒண்டை எழுதிக்கொண்டு வாங்கோ எண்டு எல்லாரையும் கேட்டிருக்கினம். நீங்கள் தேர்த்திருவிழா எழுதுவியள், மாம்பழம் எழுதுவியள். நான் மாட்டைப் பற்றி எழுதுறன். பால்மாடு இல்லை, இறைச்சி மாடு. மூக்கைச் சுளிக்கிறவை சுளியுங்கோ. சுளிச்சுப்போட்டுக் கேளுங்கோ.

போன மாதம் தேத்தண்ணி குடிக்கேக்கை உங்களிலை ஒராள் கேட்டவ, "அக்கா, உங்கடை பேத்தி என்ன படிக்கிறா?" எண்டு.

"மிருக வைத்தியம்," எண்டன்.

"ஓ, நாய் பூனைக்கோ?"

"ஓம், நாய் பூனைக்குத்தான்."

திரும்பிப் பாத்தால் பேத்தி பின்னாலை நிக்கிறாள், கையிலை கார்த் திறப்போடை. என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள். காரிலை ஏறி, செவன் கிங்ஸ் ஸ்டேசனைக் கடந்தாப் பிறகுதான் வாயைத் திறந்தவள்.

"அம்மம்மா, ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உன்ரை கொம்மாவும் கோயிலிலை அப்பிடித்தானே சொல்லுறவ."

"அம்மா சொன்னால் எனக்கு விளங்கும். ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு அவவுக்குப் பயம். நீங்கள் ஆருக்கும் பயப்பிடுறேல்லையே. நீங்கள் ஏன்?"

அதுக்கு இப்ப எழுதுறதுதான் மறுமொழி.

அவளுக்கு இது நாலாம் வருசம். லண்டனை விட்டு ரெண்டு மணித்தியாலம் காரிலை போனால் ஒரு பண்ணை இருக்காம். இறைச்சிக்கெண்டே மாடு வளர்க்கிற பண்ணை. கறுத்த மாடுகள், கொம்பில்லை, முதுகு மேசை மாதிரி. போனிலை படம் காட்டினவள். அங்கை நிண்டு பழகிப்போட்டு, பண்ணைக்காரருக்கு முன்னாலை நிண்டு மாட்டை நோய் வருத்தம் இல்லாமல் எப்பிடி வைச்சிருக்கிறது எண்டு பேசோணும் எண்டு சொல்லியிருக்கினம். அதுக்கு எங்கடை குசினியிலை பழகினவள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு இருந்தனான். நான்தான் பண்ணைக்காரன்.

"புதுசா மாடு வாங்கினால் என்ன செய்வீங்கள்?" எண்டு கேட்டாள்.

"பட்டியிலை விடுவன்."

"பிழை. தனிய வைக்கோணும். வேறை தண்ணி, வேறை தொட்டி, பாக்கப் போற ஆளுக்கு வேறை சப்பாத்து. மூண்டு நாலு கிழமை பாத்திட்டுத்தான் மற்றதுகளோடை சேர்க்கலாம். ஊசி எப்ப போடுவீங்கள்?"

"வருத்தம் வந்தால்."

"பிழை அம்மம்மா! குளிருக்கு மாட்டைக் கொட்டிலுக்கை அடைக்க முன்னமே போட்டு முடிக்கோணும். சரி, ஒரு மாடு சாப்பிடாமல் ஒதுங்கி நிக்குது. என்ன செய்வீங்கள்?"

"பாத்துக்கொண்டு இருப்பன்."

அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். "உங்களை மாதிரி ஒரு பண்ணைக்காரன் இருந்தால் போதும், எல்லா மாடும் சரி."

நானும் சிரிச்சன். ஆனால் கத்தி அப்பிடியே கையிலை நிண்டிட்டுது. நான் சொன்ன மூண்டு மறுமொழியும் என்ரை அப்பாவின்ரை மறுமொழி.

இன்னொண்டும் சொன்னவள். இந்த நாட்டிலை ஒவ்வொரு மாட்டுக்கும் பாஸ்போட் இருக்காம். எங்கை பிறந்தது, ஆற்றை பண்ணையிலை நிண்டது, எங்கை போனது எல்லாம் எழுதியிருக்குமாம். ரெண்டு காதிலையும் மஞ்சள் தகடு. "எனக்கு அந்தப் புத்தகம் கிடைக்கப் பன்ரண்டு வருசம் எடுத்தது," எண்டன். அதுக்கும் சிரிச்சாள். நான் பேந்து யோசிச்சன், நல்ல வழிதான். மாடு ஆற்றை எண்டு இஞ்சை ஒரு குழந்தைப் பிள்ளையைப் பிடிச்சுக் கேக்கத் தேவையில்லை.

அப்ப எனக்கு ஒன்பது வயசு. எங்கடை குடும்பம் யாழ்ப்பாணத்திலை இருந்து வன்னிக்குக் காணி கிடைச்சுப் போன குடும்பம். அப்பா அங்கை இருந்த கோயிலுக்கு மணியகாரர், நிர்வாகம் முழுக்க அவர்தான். கோயில் பூட்டின்ரை திறப்பு அவற்றை இடுப்பிலைதான் கிடக்கும். எங்களுக்கு ரெண்டு பட்டி. வீட்டோடை இருந்தது மேல்பட்டி. அதிலை பதினொரு பசு. அதுகளின்ரை பால்தான் கோயிலுக்குப் போறது. குளத்துக்கு அங்காலை, பாலை மரங்களுக்குப் பின்னாலை, றோட்டிலை போறவைக்குத் தெரியாத இடத்திலை கீழ்ப்பட்டி. அதிலை அறுபதுக்கு மேலை நாம்பன். நாம்பன் எண்டால் உழவுக்கும் பழக்காத, வண்டிலுக்கும் பழக்காத இளம் ஆண் மாடு. ரெண்டு மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் வியாபாரி வருவார். புளிய மரத்துக்குக் கீழை நிண்டு அப்பாவோடை கதைப்பார். அடுத்த நாள் பத்துப் பன்ரண்டு நாம்பன் போயிடும்.

எங்கை போகுது எண்டு ஊருக்கே தெரியும். எங்கடை வீட்டிலை மட்டும் அந்தச் சொல்லு வராது. "வண்டிலுக்குப் போகுது" எண்டுதான் சொல்லுவினம். ஒருக்கால் நான் அம்மாவைக் கேட்டனான், "இவ்வளவு வண்டில் எங்கையம்மா இருக்கு?" எண்டு. அம்மா தொடையிலை நுள்ளினது ரெண்டு நாள் நீலமாய்க் கிடந்தது.

மாட்டுக்குக் குறி சுடுற நாள் உங்களிலை சிலபேருக்கு ஞாபகம் இருக்கும். எருவராட்டி நெருப்பிலை இரும்பைப் பழுக்க வைச்சு, மாட்டைச் சரிச்சுக் கட்டி, துடையிலை வைப்பினம். மயிர் கருகிற மணம் மூக்குக்குள்ளை நிக்கும். எந்த மாடு ஆற்றை எண்டதுக்கு அந்தக் குறிதான் சாட்சி. எங்கடை குடும்பக் குறி சூலம். சிவன்ரை சூலம். அதைப் போட்ட மாட்டைக் கத்திக்குக் குடுக்கேலாது எல்லோ? அதுக்கு அப்பா ஒரு வழி கண்டுபிடிச்சவர். மேல்பட்டிப் பசுவுக்குத் தான் திருநீறு பூசிப்போட்டுத் தன்ரை கையாலை சூலம் வைப்பார். கீழ்ப்பட்டி நாம்பனுக்குப் பட்டிக்காரர் வளையம் வைப்பார். அந்த வளையம் பட்டிக்காரற்றை குறி. அவருக்கு எண்டு ரெண்டே ரெண்டு மாடு இருந்த காலத்திலை பதிஞ்ச குறி. அவர் வளையம் வைக்கேக்கை அப்பா மற்றப் பக்கம் திரும்பி நிண்டு குளத்தைப் பாத்துக்கொண்டு நிப்பார்.

பட்டிக்காரர் எண்டது அந்தக் கீழ்ப்பட்டியைப் பாத்த மனுசன். எங்கடை வீட்டிலை அவரை 'அவன்' எண்டுதான் சொல்லுறது. ஒன்பது வயசுப் பிள்ளை நானும் அவன், இவன், வாடா எண்டுதான். இப்ப அவர் எண்டு எழுதுறன். எழுதி என்ன. அவற்றை பேர் எனக்குத் தெரியாது. ஆரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேக்கேல்லை. கறுத்து மெலிஞ்ச ஆள். ஒரு கண்ணிலை பூ விழுந்திருந்தது. அறுபது மாட்டையும் எண்ணிப் பாக்கமாட்டார். ஒருக்கால் நடந்து வருவார், வந்து "வெள்ளைக் காலனைக் காணேல்லை" எண்டுவார். அப்பிடித்தான்.

அந்த வருசம் மாரி மழைக்கு முன்னம் மாட்டு டாக்குத்தர் வந்தார். அரசாங்க ஆள். அரைக் காற்சட்டை, தலையிலை வெள்ளைத் தொப்பி, ஜீப்பிலை ஒரு மரப்பெட்டி. எங்கடை முத்தத்து வேம்புக்குக் கீழை ஊராக்களைக் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சவர்.

"தொண்டை அடைப்பான் வரப்போகுது," எண்டார். "தெற்காலை வந்திட்டுது. மழை துவங்கினால் இஞ்சையும் வரும். விடியச் சாப்பிட்ட மாடு பின்னேரம் செத்துப்போம். மழைக்கு முன்னம் எல்லா மாட்டுக்கும் ஊசி போடோணும். கன்று, நாம்பன், கிழடு ஒண்டையும் விடக்கூடாது. வெளியிலை இருந்து மாடு வாங்கினால் தனிய கட்டுங்கோ. ஒரே குளத்திலை தண்ணி காட்டாதேங்கோ. ஒண்டு எச்சில் ஒழுக நிண்டால் எனக்கு ஆள் அனுப்புங்கோ, பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. செத்ததைக் குளக்கரையிலை இழுத்துப் போடாதேங்கோ. ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டுப் புதையுங்கோ."

ஒரு கிழவர் கேட்டார், "ஊசி போட்டால் பால் வத்துமோ?"

"உமக்கு அம்மை ஊசி போட்டதுக்கு என்ன வத்தினது?" எண்டார் டாக்குத்தர். எல்லாரும் சிரிச்சினம்.

பேந்து அவர் அப்பாவைப் பாத்து, எல்லாருக்கும் கேக்கத்தக்கதாய்ச் சொன்னார்: "இறைச்சி மாடு வைச்சிருக்கிறவை ஒளிக்கத் தேவையில்லை. இறைச்சிக்கு மாடு வளர்க்கிறது குற்றம் இல்லை. வருத்தத்தை வளர்க்கிறதுதான் குற்றம்."

எங்கடை முத்தத்திலை அந்தச் சொல்லு விழுந்தது அதுதான் முதல் தடவை. அம்மா உள்ளுக்கை போய் மஞ்சள் தண்ணியோடை வந்து நிண்டவ, ஜீப் போகட்டும் தெளிப்பம் எண்டு.

பதினொரு பசுவுக்கும் ஊசி போட்டாச்சு. டாக்குத்தர் ஒரு பெரிய புத்தகத்தை விரிச்சு எழுதினார். சொந்தக்காரர் ஆர், என்ன குறி, எத்தினை, என்னத்துக்கு வளர்க்கிறது. எல்லாத்துக்கும் கட்டம் இருந்தது.

"மணியகாரர், வேறை மாடு இருக்கோ?"

"இல்லை. இவ்வளவுதான்."

டாக்குத்தர் சிரிச்சார். வெறும் ஊசிமருந்துப் போத்தல் ஒண்டை என்னட்டை நீட்டினார். சின்னக் கண்ணாடிப் போத்தல், றப்பர் மூடி. நான் அதையே பாத்துக்கொண்டு நிண்டதைக் கண்டிருப்பார் போலை. "இந்தாங்கோ பிள்ளை. குளத்துக்கு அங்காலை உங்களுக்குப் பட்டி ஏதும் இருக்கோ?"

அப்பா என்னைப் பாக்கேல்லை. வேம்பைப் பாத்தார். அம்மா கையிலை செம்பு அசையாமல் நிண்டது.

"இல்லை," எண்டன்.

அது முதலாவது பொய். நான் ஒருவரும் சொல்லித் தராமல் சொன்னது. போத்தலை வாங்கிக்கொண்டு ஓடிப்போனனான். டாக்குத்தர் பெட்டியை மூடினார். அதுக்குள்ளை இன்னும் எவ்வளவோ போத்தல் நிரையாய் இருந்ததை நான் கண்டனான்.

பின்னேரம் பட்டிக்காரர் வந்து வேலிக்கு வெளியிலை நிண்டார். "ஐயா, நாம்பனுகளுக்கும் ஊசி போடுவம். நாளைக்கும் டாக்குத்தர் பக்கத்து ஊரிலைதானாம் நிக்கிறார். நான் சாய்ச்சுக்கொண்டு போறன்."

"போய்? ஆற்றை எண்டு சொல்லுவாய்?"

"என்ரை குறிதானே ஐயா கிடக்கு. என்ரை எண்டு சொல்லுறன்."

"உனக்கு உடுக்க ரெண்டாவது வேட்டி இல்லை. அறுபது நாம்பன் உன்ரை எண்டால் அந்தாள் நம்புமோ? நோண்டி நோண்டிக் கேட்டு, கடைசியிலை என்ரை பேரைத்தான் அந்தக் கட்டத்துக்குள்ளை எழுதும். பக்கத்துக் கட்டத்துக்குள்ளை இறைச்சிக்கு எண்டு எழுதும். நான் பேந்து கோயில் கதவைத் திறக்கிறேல்லையோ?"

"மாடு செத்துப்போம் ஐயா."

"வாயைக் கழுவு. சிவன் இருக்கிறார்."

அடுத்த கிழமை வியாபாரி எட்டு மெலிஞ்ச நாம்பன் கொண்டுவந்து விட்டார், கொழுக்க வைச்சுத் தாங்கோ எண்டு. தெற்கிலை இருந்து வந்தது. பட்டிக்காரர் அதுகளைத் தனிய விட்டு, ரெண்டு நாள் முள்ளு வெட்டி இழுத்து நடுவிலை ஒரு வேலி அடைச்சார். நான் அவருக்குச் சோறு கொண்டுபோனனான். கை முழுக்கக் கீறி இரத்தம். வேம்புக்குக் கீழை நிண்டு அந்தக் கதையைக் கேட்டவை எவ்வளவோ பேர். கேட்டபடி செய்த ஆள் அவர் ஒராள்தான்.

அப்பா வந்து பாத்தார். புது முள்ளுவேலி வெய்யிலுக்கு வெள்ளையாய்த் தெரிஞ்சுது. "றோட்டிலை நிண்டால் உது தெரியுது. இஞ்சை பட்டி கிடக்கு எண்டு பறையடிக்கிறியோ? பிடுங்கு."

பட்டிக்காரர் பிடுங்கினார். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். கட்டினதை விடப் பிடுங்கக் கனநேரம் எடுத்தது. முள்ளு ஒண்டோடை ஒண்டு கொழுவிக்கிடந்தது.

மழை துவங்கி நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ வெள்ளைக் காலன் குளத்தங்கரையிலை நிண்டான். தலையை நீட்டிக்கொண்டு, வாயாலை நூல் மாதிரி எச்சில். தாடைக்குக் கீழை பானை மாதிரி வீங்கியிருந்தது. மூச்சு விடுற சத்தம் எங்கடை வீட்டுக்குக் கேட்டது. குறட்டை மாதிரி, ஆனால் முழிச்சிருக்கிற குறட்டை. விடிய நிண்டான், மத்தியானம் விழுந்தான். பட்டிக்காரர் ஓடிவந்தார். அப்பா சொன்னது, "பொறு, பாப்பம்" எண்டு.

நாலு நாள் பாத்தவை. நாலு நாளிலை ஐம்பதுக்கு மேலை செத்தது. மழைக்குள்ளை அந்த மணத்தை நான் எழுதமாட்டன். எங்கடை குளத்துக்குக் கீழை ஒரு கைம்பெண் இருந்தவ. ரெண்டு பசு. அந்தப் பாலை வித்துத்தான் நாலு பிள்ளையும் சாப்பிடுறது. ஊசி போட்ட அண்டைக்கு அவ மகளின்ரை பேறு பாக்க வேறை ஊருக்குப் போயிருந்தவ. அவவின்ரை ரெண்டும் செத்தது. ஊரிலை ஊசிக்குக் கொண்டுவராத மாடு இன்னும் இருபது, முப்பது. எல்லாம் அதே குளத்துத் தண்ணிதான் குடிச்சது.

அந்தக் கைம்பெண்தான் நடந்து போய் டாக்குத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தவ. டாக்குத்தரோடை ஊர் அதிகாரி விதானையார், ஒரு பொலிஸ்காரர். கீழ்ப்பட்டிக்கு எல்லாரும் போனம். சகதிக்குள்ளை மாடுகள் காலை நீட்டிக்கொண்டு கிடந்ததுகள். எல்லாத் துடையிலையும் வளையம்.

"இந்த வளையம் ஆற்றை?" எண்டார் விதானையார். அவருக்குத் தெரியாமலோ கேட்டவர்.

பட்டிக்காரர் அப்பாவைப் பாத்தார். அப்பா சொன்னார், "அவன்ரை. பதிவைப் பாருங்கோ. என்ரை குறி சூலம்."

டாக்குத்தர் தொப்பியைக் கழற்றினார். மழைத் தண்ணி முகத்தாலை ஓடினது. ஊராக்களைப் பாத்தார். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கோயில் திறப்பு அப்பாவின்ரை இடுப்பிலை கிடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சுது. கடைசியிலை குனிஞ்சு என்ரை உயரத்துக்கு வந்தார்.

"பிள்ளை, நீர் அண்டைக்கு வேறை பட்டி இல்லை எண்டனீர். பரவாயில்லை. இப்ப உண்மையைச் சொல்லும். இந்த மாடு ஆற்றை?"

அவர் ஏன் என்னைக் கேட்டவர் எண்டு எத்தினையோ தரம் யோசிச்சிருக்கிறன். பிள்ளை பொய் சொல்லாது எண்டு நினைச்சிருப்பார். படிச்ச மனுசன், மாட்டைப் பற்றி எல்லாம் தெரிஞ்சவர். பிள்ளையளைப் பற்றித் தெரியேல்லை. பயந்து சொன்னன் எண்டு நீங்கள் நினைப்பியள். இல்லை. நான் மணியகாரற்றை மகள். எங்கடை வீட்டுப் பேர் விழக்கூடாது எண்டு, நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னனான்.

"பட்டிக்காரன்ரை. எங்கடை இல்லை."

அவர் நிமிர்ந்தார். புத்தகத்தை விரிச்சு எழுதினார். எழுதேக்கை மழைத்துளி விழுந்து மை பரந்தது. அவர் அதைத் துடைக்கேல்லை.

வருத்தத்தை ஒளிச்ச குற்றத்துக்குப் பட்டிக்காரரைப் பொலிஸ்காரர் கொண்டுபோக முன்னம், செத்தது முழுவதையும் அவரைக் கொண்டே தாட்டுவிச்சினம். மூண்டு நாள் கிடங்கு வெட்டினார். ஊர்ப் பெடியள் கரையிலை நிண்டு கல்லெறிஞ்சாங்கள். கைம்பெண் வந்து மண்ணை வாரி அவற்றை முகத்திலை எறிஞ்சு, "என்ரை பிள்ளையளுக்கு நீ பால் குடுப்பியோ" எண்டு கத்தினவ. அவர் முகத்தைத் துடைச்சுப்போட்டு வெட்டினார். அப்பா ஒரு மூடை நெல்லு அவற்றை கொட்டிலுக்கு அனுப்பினார். அவற்றை பெண்சாதி அதைக் கொண்டுவந்து எங்கடை வாசல் படலையிலை வைச்சிட்டுப் போனவ. அதை அம்மா மாட்டுக்குப் போட்டவ.

மறியல் முடிஞ்சு சிறையாலை வந்தாப் பிறகு ஆரும் அவருக்கு வேலை குடுக்கேல்லை. வருத்தத்தை ஒளிச்சவன்ரை கையிலை ஆர் மாட்டைக் குடுப்பினம். ஒரு நாள் விடிய அவரும் பெண்சாதியும் ஒரு பானையும் பாயும் சுமந்துகொண்டு எங்கடை வீட்டைத் தாண்டிப் போச்சினம். நான் படலையிலை நிண்டனான். அவர் என்னைக் கண்டார். ஏசுவார் எண்டு நினைச்சன்.

"பிள்ளை, சேத்துக்குள்ளை நிக்காதேங்கோ, காலிலை புண் வரும்," எண்டார்.

அவ்வளவுதான். பேந்து அவரை ஒருத்தரும் காணேல்லை.

இனித்தான் எனக்குப் பொறுக்காத இடம். மேல்பட்டிப் பதினொரு பசுவுக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அதே குளத்துத் தண்ணிதான் குடிச்சதுகள். ஊர் என்ன சொன்னது தெரியுமோ? சூலம் காத்தது எண்டு. வளையம் போட்டது பாவத்துக்குப் போச்சு, சூலம் போட்டதைச் சிவன் காப்பாத்தினார் எண்டு. அப்பா மறுக்கேல்லை. தை மாதம் பெரிய பொங்கல் வைச்சார். பக்கத்து ஊராக்கள் தங்கடை பசுவைக் கொண்டுவந்து எங்கடை சூலத்தைச் சுடுவிச்சுக்கொண்டு போச்சினம்.

டாக்குத்தருக்கு இடமாற்றம் வந்தது. போற வழியிலை ஜீப்பை நிப்பாட்டி, இறங்காமல், அப்பாவிட்டைச் சொன்னவர்: "மணியகாரர், சூலத்துக்கு நான்தான் ஊசி போட்டனான்." அப்பா கும்பிட்டார். ஜீப் போயிட்டுது. அடுத்த மாரிக்கு ஊசிக்காரர் வரேக்கை ஊரிலை அரைவாசிப்பேர் மாட்டைக் கொண்டுபோகேல்லை. சூலம் கிடக்கு, ஊசி என்னத்துக்கு எண்டினம். அதிலை எவ்வளவு செத்தது எண்டு நான் சொல்லமாட்டன். சொல்ல ஏலாது.

அந்தப் பொங்கலை நானும் சாப்பிட்டனான். இனிப்பாய்த்தான் இருந்தது.

அப்பா சாகு மட்டும் மணியகாரராய்த்தான் இருந்தவர். என்னட்டை அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைச்சதில்லை. ஆனால் பட்டிக்காரர் போன நாளிலை இருந்து அவர் எனக்கு ஒண்டுக்கும் ஏசினதில்லை. நான் என்ன கேட்டாலும் வாங்கித் தந்தவர். அது எனக்குப் பிடிச்சிருந்தது. அதையும் எழுதத்தான் வேணும்.

கண்ணாடிப் போத்தலைக் கனகாலம் வைச்சிருந்தனான். கலியாணத்துக்குப் பிறகும் பெட்டிக்குள்ளை கிடந்தது. சண்டைக்கை ஓடின ஓட்டத்திலை எங்கை விழுந்ததோ தெரியாது. சூலம் சுடுற கம்பியும் போச்சு, வீடும் போச்சு, கோயிலுக்குக் கூரையும் இல்லை எண்டு சொல்லுகினம். குளம் மட்டும் கிடக்காம். அந்தக் கிடங்கு கிடந்த இடத்திலை இப்ப ஆரோ வீடு கட்டியிருக்கினமாம்.

வெம்பிளியிலை இருக்கிற என்ரை மூத்தவன் சொல்லுறான், "எழுபது வருசத்துக்கு முந்தின கதை, விடுங்கோ அம்மா," எண்டு. அவன் சொல்லுறதும் சரிதான். பட்டிக்காரர் செத்து எத்தினை வருசமோ. அவற்றை பேரைத் தெரியாமல் ஆரிட்டை விசாரிக்கிறது? விசாரிச்சுத்தான் என்ன செய்யிறது? நான் இதை எழுதினபடியால் அந்தப் புத்தகத்திலை மை மாறப்போறதில்லை. மனம் இலேசாகும் எண்டு நினைச்சுத்தான் துவங்கினனான். ஆகேல்லை. உங்களுக்கும் பொய் சொல்லக்கூடாது.

ஒண்டை மட்டும் திருத்துறன். என்ரை பேத்தி நாய் பூனைக்குப் படிக்கேல்லை. இறைச்சி மாட்டுக்குத்தான் படிக்கிறாள். பண்ணையிலை போட்ட சப்பாத்தை வாசலிலை வைச்சுக் கழுவிப்போட்டுத்தான் வீட்டுக்கை வாறவள். மணக்கும். மணக்கட்டும்.

என்ரை கண்ணுக்கு என்ரை எழுத்தே இப்ப பிடிபடுகுதில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். உங்கடை மண்டபத்திலை குடுக்க முன்னம் அவள் வாசிக்க ஒருக்கால் கேட்டுப் பாக்கோணும்.

பிள்ளை, இஞ்சை வா. கை கழுவினியோ? இந்தக் கதிரையிலை இரு. முதலிலை இருந்து வாசி, ஆறுதலாய் வாசி. நான் ரெண்டு இடத்திலை ஒரு மறுமொழி சொல்லியிருக்கிறன், மழைக்கு முன்னம் ஒண்டு, மழைக்குள்ளை ஒண்டு. அந்த ரெண்டு இடமும் வரேக்கை என்ரை முகத்தைப் பாக்காதை. குரலைக் குறைக்கவும் வேண்டாம். டாக்குத்தர் கேட்ட மாதிரிக் கேள். நான் சொன்ன மாதிரிச் சொல்லு.